குடியிருந்தவர் விட்டுச் சென்ற மின்கட்டணம்

ஆரணியில் பட்டு நெசவாளர் வாழும் தெருக்களில், வீட்டின் ஒரு கட்டில் உரிமையாளரும் மற்றொரு கட்டில் வாடகைக்கு வந்தவரும் குடியிருப்பது வழக்கம். பிள்ளைகள் வெளியூர் சென்றபின் வயது முதிர்ந்த நெசவாளர் பின்கட்டை வாடகைக்கு விடுகிறார்; சொந்த இடமில்லாத இளம் நெசவாளர் அங்கே தறி போட்டுப் பிழைக்கிறார். பல வேளைகளில் இருவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்களே. தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில், பேரேட்டை மூடிய பிறகு, இத்தகையோரிடையே எழும் ஒரு வழக்கைப் பற்றி என்னிடம் கேட்பவர் பலர். குடியிருந்தவர் காலி செய்து போய்விட்டார். மின்கட்டணம் நிலுவையில் நிற்கிறது. அதைக் கட்ட வேண்டியவர் யார்?

“நான் எரிக்காத விளக்குக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?” என்று உரிமையாளர் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. ஆயினும் சட்டம் வேறு இடத்திலிருந்து இதைப் பார்க்கிறது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் ‘நுகர்வோர்’ என்பவர் யார் என்று வரையறுக்கும்போது, தம் உபயோகத்திற்காக மின்சாரம் பெறுபவரை மட்டும் குறிக்கவில்லை. யாருடைய இடம் அப்போதைக்கு மின்கம்பியோடு இணைக்கப்பட்டுள்ளதோ அவரையும் சேர்த்தே குறிக்கிறது. மின் பகிர்மானக் கழகத்தின் கணக்கில் இருப்பது இணைப்பு எண்ணும், இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர் பெயருமேயாகும். பின்கட்டில் குடியிருந்தவரைக் கழகம் அறியாது. நம் அங்கத்தினர்களுக்குப் புரியும் முறையில் சொன்னால், வீட்டு உரிமையாளர் கையெழுத்திடாத ஜாமீன்தாரர். கடன் வாங்கியவர் ஊரை விட்டுப் போனால் சங்கம் யாரைத் தேடி வரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டணம் செலுத்தத் தவறினால், 15 நாட்களுக்குக் குறையாமல் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்க மேற்படி சட்டத்தின் 56-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதைவிடக் கடுமையான விதியொன்று 2004-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பில் உண்டு. ஒருவர் பெயரில் பல இணைப்புகள் இருந்து அவற்றுள் ஒன்றில் பாக்கி நின்றால், அறிவிப்புக் கொடுத்து ஏனைய இணைப்புகளையும் துண்டிக்கலாம் என்பதே அது. பின்கட்டுக்காரர் வைத்துப் போன பாக்கிக்காக முன்கட்டில் உரிமையாளரின் தறியும் இருளில் நிற்க நேரிடும். கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு என்று வினவுவோர், குழித்தறியில் அமர்ந்து மழைநாளில் பட்டிழை அறுந்த இடத்தைத் தேடியவர்கள் அல்லர்.

அறிவிப்பு வந்தவுடன் தொகை தவறென்று தோன்றினால் சும்மா இருந்துவிடலாகாது. ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொண்டு, கோரப்பட்ட தொகை அல்லது முந்தைய 6 மாதங்களின் சராசரிப்படியான தொகை, இவற்றுள் எது குறைவோ அதைச் செலுத்தினால், வழக்குத் தீரும் வரை இணைப்பைத் துண்டிக்கலாகாது என்று அதே பிரிவு கூறுகிறது. பிறகு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திடமும், அங்கும் குறை தீரவில்லையெனில் மின்குறை தீர்ப்பாளரிடமும் முறையிடலாம். மேலும், ஒரு தொகை முதன்முதலாகச் செலுத்த வேண்டியதாகிய நாளிலிருந்து 2 ஆண்டுகள் கழிந்துவிட்டால், இடையில் அது தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டு வந்தாலன்றி, அதற்காக இணைப்பைத் துண்டிக்க இயலாது. இதை அறிந்த சிலர், 2 ஆண்டு கடந்தால் கடனே தீர்ந்தது என்று எண்ணுகின்றனர். அவ்வாறு அன்று. 2023-ஆம் ஆண்டு மே மாதம், கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட கே. சி. நைனான் வழக்கில் உச்ச நீதிமன்றம், துண்டிக்கும் உரிமைக்குத்தான் இக்கெடு, உரிமையியல் வழக்குத் தொடரும் உரிமைக்கு இது தடையன்று எனத் தெளிவாக்கியது. வீட்டை விலைக்கு வாங்குவோரும் அத்தீர்ப்பை அறிந்திருத்தல் நலம். முந்தைய உரிமையாளரின் மின் பாக்கியைத் தீர்த்தால்தான் இணைப்பு என்று விதிகள் கூறுமாயின் அந்நிபந்தனை செல்லும் என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி.

ஆகவே, உரிமையாளர் முதலில் பாக்கியைக் கட்டி இணைப்பைக் காப்பாற்றிக் கொள்வதே விவேகம். கட்டிய தொகையைக் குடியிருந்தவரிடமிருந்து பெற வழி இல்லாமற் போகவில்லை. ஒருவர் செலுத்தக் கடமைப்பட்ட தொகையை, அது செலுத்தப்படுவதில் அக்கறையுள்ள மற்றொருவர் செலுத்தினால், அதனைத் திரும்பப் பெற அவருக்கு உரிமையுண்டு என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 69-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமை இருக்கிறது என்பது வேறு, எண்ணூறு ரூபாய்க்காக வக்கீல் வைத்து நீதிமன்றம் ஏறுவது வேறு. உரிமையாளரின் உண்மையான பாதுகாப்பு, கையிலிருக்கும் முன்பணம் ஒன்றே.

முன்பணத்தைப் பற்றி நம் ஊர்களில் அறியாமை மிகுதி. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 22-2-2019 முதல் நகரப் பகுதிகளில் நடைமுறையில் உள்ளது. ஆரணி நகராட்சி இதில் அடங்கும். இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் 3 மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீடு காலியான ஒரு மாதத்திற்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தேவிகாபுரம், முனுகப்பட்டு போன்ற கிராமங்களில் இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தமே வழிகாட்டி. எழுதாதவர்க்கு வாய்ச்சொல்லே கதி.

இங்கேதான் எவரும் கவனியாத ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வீடுகளுக்கு மின் கணக்கெடுப்பு 2 மாதங்களுக்கு ஒருமுறை நடக்கிறது. முன்பணமோ 1 மாதத்தில் தரப்பட வேண்டும். கணக்கெடுத்த 20-ஆம் நாள் ஒருவர் காலி செய்தால், பில் வர இன்னும் 40 நாட்கள் இருக்கின்றன. கெடு முன்னதாக முடிந்துவிடும். உரிமையாளர் பணத்தை நிறுத்தி வைத்தால் சட்டத்தை மீறியவராவார். கொடுத்துவிட்டால் பில் அவர் தலையில் விழும்.

இதற்குப் பரிகாரம், காலி செய்யும் நாளன்று இருவரும் மீட்டரின் முன் நின்று அளவைக் குறித்துக்கொள்வதுதான். சென்ற கணக்கெடுப்பில் மீட்டர் 4310 காட்டியது என்றும், காலி செய்யும் நாளில் 4470 காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். போனவர் உபயோகித்தது 160 யூனிட். புதிதாய் வந்தவர் காலத்தில், அடுத்த கணக்கெடுப்பின்போது 4590. அவர் உபயோகித்தது 120. பில் வருவது 280 யூனிட்டுக்கு ஒரே தொகையாக. அதனை 7 பங்காக்கி, 4 பங்கு போனவருக்கும் 3 பங்கு வந்தவருக்கும் எழுதுவதே முறை. வீடுகளுக்கு 2 மாதத்திற்கு அளிக்கப்படும் 100 இலவச யூனிட்டுகளைத் தமக்கே முழுதும் கழிக்கவேண்டுமென்று போகிறவர் வாதிடக்கூடும். அச்சலுகை அந்த 2 மாதத்திற்கு உரியது; இருவரும் பங்கிட்டுக் கொள்வதே சரி. பில் வரும் வரை ஒரு குறிப்பிட்ட தொகையை நிறுத்தி வைக்கவும், பில்லைக் காட்டி மீதியைத் தரவும் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடுவைப் பற்றிய சச்சரவு எழாது.

ஒரே மீட்டரில் இரண்டு குடும்பங்கள் இருக்குமிடத்தில் கணக்கு மேலும் சிக்கலாகும். உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, கீழ்ப்படியிலுள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் உயர்கிறது. தனித்தனியே 300 யூனிட் எரித்த இருவர் சேர்ந்து செலுத்தும் தொகை, தனி மீட்டர் இருந்தால் ஆகும் தொகையைவிட மிக அதிகம். இவ்விடத்தில் தனி இணைப்புப் பெறுவதே இரு தரப்புக்கும் இலாபம்.

நெசவாளர்கள் தனியே கவனிக்க வேண்டியது மற்றொன்று. கைத்தறி நெசவாளர்க்கு 2 மாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 ஆகவும், விசைத்தறிக்கு 750 யூனிட்டாக இருந்தது 1000 ஆகவும் உயர்த்தப்பட்டது. தறிக்கென்று சலுகை பெற்ற இணைப்பில், நெசவாளர் போனபின் கடைக்காரர் குடிவந்து வியாபாரம் நடத்தினால், அஃது அனுமதிக்கப்படாத உபயோகமாகும். மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி இத்தகைய உபயோகத்திற்கு உரிய விகிதத்தைப் போல் இருமடங்கு விதிக்கப்படும். எந்நாளிலிருந்து என்று நிர்ணயிக்க முடியாவிடில் 12 மாதத்திற்குக் கணக்கிடப்படும். குடியிருந்தவர் போய்ப் பல மாதம் கழித்து இத்தகைய அறிவிப்பு வந்தால், 3 மாத முன்பணம் எம்மூலைக்கும் போதாது. யார் குடிவருகிறார், வீட்டில் என்ன தொழில் செய்வார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவது இதற்காகவே.

நாணயத்தின் மறுபக்கமும் உண்டு. வாடகையோடு மின்கட்டணத்தையும் மாதந்தோறும் வசூலித்துவிட்டு, கழகத்துக்குக் கட்டாமல் விடும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அங்கே இருளில் நிற்பவர் ஒழுங்காகப் பணம் கொடுத்த நெசவாளர். பாக்கி வைத்தவரை வெளியேற்றப் பியூஸைப் பிடுங்கி வைப்பதும் நான் கேள்விப்பட்டதே. மின்சாரம், தண்ணீர் போன்ற அவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். பாக்கி உண்மையானாலும் பியூஸைப் பிடுங்க உரிமை இல்லை.

சில சங்கங்களில், ஊரை விட்டுப் போன அங்கத்தினரின் மின் பாக்கியை அவருக்கு வரவேண்டிய கூலியில் பிடித்துத் தருமாறு வீட்டு உரிமையாளர்கள் கேட்கின்றனர். நிர்வாகிகள் இரக்கத்தால் இணங்கலாகாது. கூலி நெய்தவருடையது, அவருடைய எழுத்து மூலமான சம்மதமின்றி மூன்றாமவருக்குக் கொடுத்தால் தணிக்கையில் நான் ஆட்சேபம் எழுப்பியே தீருவேன். அதற்குப் பதிலாக, சங்க அலுவலகத்தில் ஓர் எளிய சீட்டை அச்சிட்டு வைக்கலாம். அதில் இணைப்பு எண், காலி செய்த தேதி, சென்ற கணக்கெடுப்பின் அளவு, அன்றைய அளவு, நிறுத்தி வைத்த தொகை, இருவர் கையெழுத்து, சாட்சி ஒருவர் ஆகியவற்றிற்கு இடம் விட்டால் போதும். இரண்டு பிரதிகள் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.