கடலுக்குக் கதவில்லை
கௌஸ் நகரின் பாய்ப்படகுத் திருவிழா

ஆங்கில நாட்டின் தென்கரையை அடுத்துள்ள வைட் தீவின் வடமுனையிலே, மெடினா ஆறு கடலோடு கலக்குமிடத்தில், கௌஸ் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் கோடைகாலத்தில் ஒரு வாரம் இவ்வூரின் முன்னுள்ள சோலன்ட் நீரிணை வெண்பாய்களாலும் வண்ணப்பாய்களாலும் நிறைந்துவிடும். உலகப் புகழ் பெற்ற ‘கௌஸ் வாரம்’ அதுவேயாம்.

1815ஆம் ஆண்டிலே இலண்டன் பிரபுக்கள் சிலர் கூடி ஒரு படகுக் கழகத்தை நிறுவினர். அதுவே பின்னர் அரச ஆதரவு பெற்று, 1833இல் ‘றோயல் யொட் ஸ்குவாட்ரன்’ என்னும் பெயரைத் தாங்கிற்று. 1826 ஆகஸ்ட் 10ஆம் திகதி கௌஸில் நடந்த முதற் போட்டியிற் கலந்துகொண்ட படகுகள் ஏழே. குட்வுட் குதிரைப் பந்தயம் முடிந்த பின்னும், ஆகஸ்ட் 12இல் பறவை வேட்டை தொடங்குமுன்னும் உள்ள இடைக்காலம் பிரபுக்களுக்கு வாய்ப்பாயிருந்தது. பகலிற் போட்டி, இரவில் விருந்தும் நடனமும் வாணவேடிக்கையும். கௌஸ் செல்லாதவர் கனவான் அல்லர் என்னுமளவுக்கு அவ்விழா பெருமை பெற்றது.

காற்றும் நீரோட்டமும்

கரையிலுள்ள பழைய கோட்டையிலிருந்து பீரங்கி முழங்க, போட்டி தொடங்கும். முழக்கத்துக்கு முன் எல்லைக்கோட்டைக் கடந்த படகு திரும்பி வந்து மீண்டும் புறப்படல் வேண்டும். காற்றை எதிர்த்து நேரே செல்ல எப்பாய்க்கும் இயலாது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். சோலன்டின் வற்றுப்பெருக்கு நீரோட்டமோ மிக வலியது. ஆதலின், எதிரோட்டம் குறைந்த கரையோரத்தை நாடுவோர் பலர். அங்கே பாறையிலும் மணல்மேட்டிலும் தட்டும் அபாயமும் உண்டு.

இவ்விளையாட்டின் சிறப்பு வேறொன்று. வலப்பக்கத்திற் காற்றைப் பெறும் படகுக்கு, இடப்பக்கத்திற் பெறும் படகு வழிவிடவேண்டும் என்பது விதி. இதனை மீறியவர், நடுவர் எவரும் அருகில் இல்லாதபோதும், தம் படகைத் தாமே வட்டமிட்டுச் சுழற்றித் தண்டனையை ஏற்கின்றார். மனச்சாட்சியே அங்கு நடுவர்.

பலசரக்கு வணிகரின் படகு

1851இல் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் ‘அமெரிக்கா’ என்னும் படகு வென்று, ஸ்குவாட்ரன் அளித்த கிண்ணத்தை நியூ யோர்க்குக்குக் கொண்டுசென்றது. அப்படகின் பெயராலேயே அது ‘அமெரிக்கா கிண்ணம்’ எனப்படுகின்றது. அதனை மீட்க ஐந்து முறை முயன்றவர் சேர் தோமஸ் லிப்டன். நம் அப்புத்தளை மலைகளிலே 1890இல் தேயிலைத் தோட்டங்களை வாங்கிய அதே லிப்டன்தான். கிளாஸ்கோ நகரில் எளிய குடும்பத்திற் பிறந்து, பலசரக்குக் கடையினால் உயர்ந்தவர் அவர்.

1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் அவரது ‘ஷம்றொக்’ படகுகள் போட்டியிட்டன. 1920இல் முதலிரு ஓட்டங்களில் வென்றும், அடுத்த மூன்றிலும் தோல்வியே கிட்டிற்று. அமெரிக்க மக்கள் பணம் திரட்டி அவருக்குப் பொற்கிண்ணம் வழங்கினர். ஆயினும், ஏழாம் எட்வேட் மன்னரின் நண்பராக இருந்தும், ஸ்குவாட்ரன் அவரை உறுப்பினராக ஏற்றது 1931இல்தான். அவ்வாண்டிலேயே அவர் காலமானார்.

கடைக்காரருக்கே திறவாத கதவு, அவர் தோட்டத்திற் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரை நினைத்தும் பார்த்திராது. ஆனால் ஷம்றொக்கின் பாய்களை விரித்த செல்வத்திலே அவர்களது வியர்வையும் கலந்திருந்தது. இதனை நாம் மறத்தல் தகாது.

காலம் எக்கதவையும் மெல்லத் தளர்த்துகின்றது. பெண்களை முழு உறுப்பினராக்க அக்கழகம் 2013இல் இணங்கிற்று. இன்று கௌஸ் வாரத்திற் பல கழகங்களைச் சேர்ந்த பல நூறு படகுகள் ஓடுகின்றன. பெரும் பந்தயப் படகுகள் ஓடும் அதே நீரில், 1909இல் வரையப்பட்ட அமைப்பிலான சிறு மரப்படகுகளும் ஓடுகின்றன. குடும்பமாகப் படகு செலுத்துவோரும் உளர். கழகத்தின் வாயிலில் காவலர் நிற்கலாம். காற்றோ எவருடைய குலத்தையும் தொழிலையும் கேட்டதில்லை.