மருந்தோடு வந்து சேர வேண்டிய பணம்

காசநோய்க்கான வழக்கமான சிகிச்சை ஆறு மாதங்கள் நீடிக்கிறது. ஆனால் தொடங்கிய சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடுகின்றன. நோய் நீங்கிவிட்டதென்று எண்ணி மருந்தை நிறுத்தத் தோன்றுவது அப்போதுதான். அன்றாடக் கூலி பெறுபவருக்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஊதிய இழப்பு நாளாகவும் அமைகிறது. சிகிச்சையை இடையில் கைவிட்டால் நோய் மீண்டும் தலைதூக்குவதுடன், மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறக்கூடும்.

ஐதராபாத் எர்ரகட்டா அரசு மார்பு நோய் மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்துகள் இலவசம். ஆயினும் மருந்து மட்டும் போதாது. சத்துள்ள உணவும் வேண்டும். இதற்காக மத்திய அரசு 2018 ஏப்ரலில் நிக்‌ஷய் போஷண் திட்டத்தைத் தொடங்கி, நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் செலுத்தியது. 2024 நவம்பர் முதல் இத்தொகை 1,000 ரூபாய். முதல் 3,000 ரூபாய் நோய் கண்டறியப்பட்டதும், அடுத்த 3,000 ரூபாய் 84 நாள் சிகிச்சை முடிந்ததும் வழங்கப்படுகின்றன. இந்த இரண்டாம் தவணை, சோர்வு தலைகாட்டும் கட்டத்தில் சிகிச்சையைத் தொடர ஓர் ஊக்கமாக அமைகிறது.

உணவின் பயன் ஐயத்திற்கு இடமற்றது. ஜார்க்கண்டில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவு அளித்தபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்தது.

காலம் தவறி வரும் தொகை நோயாளியின் தட்டை நிரப்பாது, ஊக்கமும் தராது. பணம் தடைபடும் இடம் பெரும்பாலும் கணக்கு விவரங்களே. ஸ்டேட் பேங்க் ஆஃப் ஐதராபாத் 2017இலும் ஆந்திரா வங்கி 2020இலும் பிற வங்கிகளுடன் இணைந்தன. அவற்றின் பழைய பாஸ்புக்கில் உள்ள ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை இன்று எழுதிக்கொடுத்தால் பணம் சேராமல் போகலாம். பெயரில் எழுத்து வேறுபாடு, புதுப்பிக்கப்படாத கே.ஒய்.சி., நெடுநாள் இயங்காத கணக்கு ஆகியனவும் தடைகளே.

ஆகவே, சிகிச்சைக்குப் பதிவு செய்யும்போதே கிளையில் பாஸ்புக்கைப் புதுப்பித்து, அதிலுள்ள விவரங்களையே சுகாதாரப் பணியாளரிடம் அளிக்க வேண்டும். கணக்கு இல்லாதவர் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத ஜன் தன் கணக்கைத் தொடங்கலாம். உதவித்தொகை பெற்றுத் தருவதாகக் கூறி எவர் கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லலாகாது.

வாடிக்கையாளர்களே, உங்கள் வீட்டுப் பணியாளரோ குடியிருப்பின் காவலாளியோ இச்சிகிச்சையில் இருப்பதாகத் தெரிந்தால், நோயைப் பிறரறியச் செய்யாமல் அவரைக் கிளைக்கு அழைத்து வாருங்கள். சில நிமிடங்களில் முடியும் திருத்தம், அவரது ஆறு மாத சிகிச்சை முழுமையடையத் துணைநிற்கும்.