உஷார்! ‘நல்ல கம்பெனி கம்பி’ என்ற வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்

வாலாஜாபாத்தில் வீடு கட்ட முன்பணம் எடுத்து வைத்துவிட்டீர்களா? கொடுத்துவிடாதீர்கள். முதலில் அந்த ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

‘முதல் தர சிமென்ட், நல்ல கம்பெனி கம்பி, தரமான மரம், பிராண்டட் பிட்டிங்ஸ், சதுர அடிக்கு இவ்வளவு.’ இதுதானே எழுதியிருக்கிறது? எது முதல் தரம், எது நல்ல கம்பெனி என்று நாளைக்குத் தகராறு வந்தால் யார் சொல்வது? எழுதிக் கொடுத்த காண்ட்ராக்டரேதான் சொல்வார்.

அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘நல்ல ஜரிகை’ என்று ஒருவர் நீட்டினால் வாங்கிவிடுவீர்களா? வெள்ளி எத்தனை சதவீதம், தங்கம் எவ்வளவு, மிஷினில் வைத்துப் பார்த்தாயிற்றா என்று குடைந்தெடுப்பீர்கள். புடவைக்குக் காட்டும் அந்தக் கறார், ஆயுசு முழுக்கச் சேர்த்த காசைக் கொட்டும் வீட்டுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

அரசுக் கட்டடம் என்றால் இப்படி மொட்டையாக எழுத முடியாது. பொதுப்பணித் துறைக்கு ‘தமிழ்நாடு பில்டிங் பிராக்டிஸ்’ என்ற விவரக்குறிப்பு நூல் இருக்கிறது. மத்திய பொதுப்பணித் துறையின் 2019 விவரக்குறிப்பு இரண்டு தொகுதி. மண் வேலை, கான்கிரீட், செங்கல், மரம், பூச்சு என்று வேலைவாரியாகப் பிரித்து, எந்தப் பொருள், எந்த ஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய) எண், எப்படிச் சோதிப்பது, எப்படி அளப்பது என்று எழுதியிருப்பார்கள். அமெரிக்காவில் விவரக்குறிப்பை வகைப்படுத்தும் ‘மாஸ்டர்ஃபார்மட்’ முறையில் இருந்த 16 பிரிவுகள் 2004-ல் 50 ஆகப் பெருகின. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் மூன்றே பாகம்: பொது நிபந்தனை, பொருள், செய்முறை. நம் ஊரில் பேச்சு நடுப்பாகத்திலேயே நின்றுவிடுகிறது. அதிலும் பிராண்ட் பெயரைச் சொன்னதும் தலையாட்டிவிடுகிறோம்.

கம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேடு ‘500’ என்று எழுதிவிட்டு வாயால் ‘500 டி’ என்பார்கள். இரண்டும் ஐஎஸ் 1786-ல் இருப்பவைதான். ஆனால் உடைவதற்கு முன் நீள வேண்டிய குறைந்தபட்ச அளவு 500-க்கு 12 சதவீதம், 500 டி-க்கு 16. எழுத்தில் ‘டி’ இல்லையென்றால் கேட்க உங்களுக்கு வாயில்லை. அடுத்தது எடை. மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி (அதாவது விட்டம் × விட்டம்) 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.66 கிலோ. இந்தத் தடிமனுக்கு மொத்த லோடில் 5 சதவீதம் வரைதான் கூடக் குறைய இருக்கலாம். கம்பிகளை எண்ணுங்கள், எடைமேடைச் சீட்டை வாங்குங்கள், வகுத்துப் பாருங்கள். சராசரி ஒன்பதரை கிலோ என்று வந்தால் அந்த லோடை இறக்கவே விடாதீர்கள்.

மணலுக்கும் இதே கதைதான். பாலாற்று மணல் கைக்கு எட்டாமல் போனபின் எல்லாம் எம்-சாண்ட். அந்தப் பெயரில் கிரஷர் டஸ்ட்டும் லாரியேறி வருகிறது. உடைத்துச் செய்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான பொடி 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது ஐஎஸ் 383. ஒப்பந்தத்தில் கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பொதுப்பணித் துறை ஒப்புதல் பெற்ற கிரஷர்தானா என்று சான்றிதழைக் கேளுங்கள்.

‘அல்லது அதற்கு இணையான’ என்ற மூன்று சொற்களைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். நீங்கள் கேட்ட ஒயர், பைப், பிளைவுட் எல்லாமே அந்த ஓட்டை வழியாக மாறும். அந்தச் சொற்களை அடித்துவிட்டு, ‘வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் தட்டினால் உரிமம் நிஜமா என்று தெரிந்துவிடும்.

பொருள் சரியாக இருந்தாலே வேலை சரியாகிவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2021-ல் சென்னை புளியந்தோப்பில் அரசு கட்டிய கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில், கையால் சுரண்டினாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை ஊரே டிவியில் பார்த்தது. ஐஐடி நிபுணர்களை வைத்து ஆய்வு நடத்த வேண்டியதாயிற்று. அங்கே விவரக்குறிப்பு இல்லாமலா இருந்திருக்கும்? இருந்ததைச் சுவரோடு வைத்துச் சரிபார்க்க வேண்டிய வேளையில் சரிபார்க்கவில்லை என்றால் இப்படித்தான். உங்கள் வீட்டிலோ சரிபார்க்க உங்களைவிட்டால் ஆளில்லை. எனவே செய்முறையையும் எழுத்தில் வாங்குங்கள்: பூச்சுக்கு என்ன விகிதம், எத்தனை எம்எம் கனம், எத்தனை நாள் தண்ணீர் விடுவது. பிபிசி சிமென்ட் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 456. ‘மூணு நாள் போதும் சார்’ என்று மேஸ்திரி சொல்வார். தறி போடும் வீடு என்றால் தறிக்குழிக்கு ஈரம் ஏறாமல் என்ன மருந்து, எத்தனை கோட் என்று தனி வரி கேளுங்கள். இல்லாவிட்டால், ‘குழி ரேட்டில் வராது’ என்பார்கள் கடைசியில்.

தளம் போடும் நாளில், சோதனைக்கான க்யூப் வார்க்கும் 150 எம்எம் இரும்பு அச்சுகள் களத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எம் 20 கான்கிரீட் என்றால், உங்கள் கண்ணெதிரே கலவையிலிருந்து அள்ளி நிரப்பிய க்யூப்கள் 28-ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி லேபில் கட்டணம் கட்டி உடைத்துப் பார்க்கலாம். தளத்துக்கான தவணையில் ஒரு பகுதியை ‘28-ஆம் நாள் ரிப்போர்ட் வந்தபின்’ என்று இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அச்சு கொண்டுவராத ஆளை அன்றைக்குக் கலவை மிஷினை ஓட்டவே விடாதீர்கள்.