ஒரு கிலோவுக்கு ஆயிரம் செடி!

சாலாமிசிரிக் கிழங்கின் கதை

நாட்டு மருந்துக் கடைகளில் "சாலாமிசிரி" என்று ஒரு சரக்கு உண்டு. காய்ந்து, சுருங்கி, கல் போல இருக்கும். இதைப் பொடி செய்து பாலில் போட்டுக் காய்ச்சுவார்கள். உடம்புக்குப் பலம் தரும் என்று லேகியத்திலும் சேர்ப்பார்கள். விலை அதிகம்.

இது ஆர்க்கிட் என்னும் பூச்செடியின் கிழங்கு.

ஆர்க்கிட் என்றதும் மரக்கிளையில் தொற்றி வளரும் செடிதான் பலருக்கு ஞாபகம் வரும். இது அந்த வகை அல்ல, தரையில் வளர்வது. துருக்கி, ஈரான், கிரீஸ் முதலிய நாடுகளில் புல்வெளிகளிலும் மலைச் சரிவுகளிலும் தானாக முளைக்கிறது. வசந்த காலத்தில் தண்டு எழும்பி, ஊதா நிறத்தில் கொத்தாகப் பூக்கும். இந்த இனத்துப் பூக்கள் சிலவற்றில் தேனே கிடையாது. அழகைக் காட்டித் தேனீயை ஏமாற்றி வேலை வாங்கிக்கொள்ளும்!

"மிசிர்" என்பது எகிப்துக்கு அரபு மொழியில் உள்ள பெயர். "சாலா" என்பது நரியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. துருக்கியர் "சலெப்" என்கிறார்கள்.

கத்தியால் வெட்டும் ஐஸ்கிரீம்

துருக்கியில் குளிர் காலம் வந்தால் சலெப் மாவைப் பாலில் காய்ச்சி, லவங்கப்பட்டைப் பொடி தூவிச் சுடச்சுடக் குடிப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களிலும் இந்தப் பானம் விற்றது.

மராஷ் என்ற ஊரின் ஐஸ்கிரீம் இன்னும் வேடிக்கை. ஆட்டுப் பாலில் சலெப் மாவைக் கலந்து, அடித்து அடித்துச் செய்வார்கள். அது ரப்பர் போல இழுபடும். கொக்கியில் தொங்கவிடலாம். தட்டில் வைத்துக் கத்தியால் வெட்டித் தின்னலாம். கிழங்கில் உள்ள பசைதான் இதற்குக் காரணம்.

இரண்டில் எது?

செடியின் அடியில் இரண்டு கிழங்குகள் இருக்கும். ஒன்று பழையது. இந்த ஆண்டுச் செடிக்குச் சோறு போட்டுச் சுருங்கிவிட்டது. மற்றொன்று புதியது. வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். அடுத்த ஆண்டுச் செடி அதிலிருந்துதான் வர வேண்டும்.

தோண்டுகிறவர்களுக்கு வேண்டியது புதிய கிழங்கு! அதைப் பறித்துக் கழுவி, வேகவைத்து, நூலில் மாலையாகக் கோத்துக் காயப்போடுகிறார்கள். செடி அத்துடன் செத்தது. பூ இருந்தால்தான் செடி கண்ணில் படும். ஆகவே, விதை விழும் முன்பே தோண்டிவிடுகிறார்கள்.

காய்ந்த கிழங்கு ஒரு கிலோ சேர 1,000 முதல் 4,000 செடிகள் அழிய வேண்டும். கடையில் 100 கிராம் வாங்கினால், குறைந்தது 100 செடி! துருக்கியில் கிழங்கு குறையவே, வியாபாரிகள் ஈரானுக்குப் போனார்கள். வட ஈரானில் 2013-ல் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட செடிகள் தோண்டப்பட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

இமயமலையிலும் இதற்கு உறவான ஒரு செடி உண்டு. அதன் கிழங்கு கைவிரல்களைப் போலப் பிரிந்திருக்கும். "சாலம் பஞ்சா" என்பார்கள். தோண்டித் தோண்டி அதுவும் அருகிவிட்டது.

பயிரிட முடியாதா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். ஆர்க்கிட் விதை தூசி போன்றது. நெல்லுக்குள் அரிசி இருப்பது போல இதற்குள் உணவு கிடையாது. மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் முளைக்கும். இந்த ரகசியத்தை 1899-ல் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி நோயல் பெர்னார். 1922-ல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பூஞ்சணம் இல்லாமலே, சர்க்கரை கலந்த ஊட்டத்தில் கண்ணாடிக் குழாயில் விதையை முளைக்க வைத்தார். அப்படி முளைத்தாலும் பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

மேற்குத் துருக்கியில் சில விவசாயிகள் விதையை நம்பவில்லை. நாம் சேனைக்குச் செய்வது போலக் கிழங்கையே நடுகிறார்கள். விளைந்ததில் ஒரு பகுதியை விற்றுவிட்டு, மீதியை அடுத்த நடவுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

மலிவான சலெப் பொடிகளில் இப்போது பெரும்பாலும் மாவும் வேறு பசைகளும்தான். அவற்றில் ஒன்று கொத்தவரை விதையின் பசை. ஆம், நாம் பொரியல் செய்கிற அதே கொத்தவரைதான்!