மூன்றாவது வேனை மட்டும் நீக்குவது எப்படி?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில் பர்லியார் வந்தால் நீலகிரி மாவட்டம் தொடங்கிவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வாகனங்கள் மேலே போக இ-பாஸ் வேண்டும். 2025 கோடை சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. ஒரு டிராவல்ஸ்காரர் நான்கு வேன்களுக்குச் சேர்த்தே விண்ணப்பிக்கிறார், மூன்றாவது வேனின் பதிவெண் மட்டும் தவறு என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் தள்ளிவிடுவதா, அந்த ஒன்றை மட்டும் விலக்குவதா? வங்கி முதல் ரயில் முன்பதிவு வரை, தரவுத்தளம் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கேள்வியும் இருக்கிறது.

‘எல்லாம் நடக்கட்டும், இல்லையேல் எதுவும் வேண்டாம்’ என்பதுதானே தரவுத்தளப் பரிவர்த்தனையின் அடிப்படை விதி, பாதியை மட்டும் ரத்து செய்தால் விதி உடையாதா என்று கேட்கலாம். உடையாது. அந்த விதி பேசுவது இறுதி முடிவைப் பற்றி. ‘கமிட்’ ஆகும்வரை, அதாவது முடிவு உறுதியாகும்வரை, உள்ளே எழுதுவதும் அழிப்பதும் பொதுவாகப் பிறர் பார்வைக்கு வருவதில்லை. மூன்றாவது வேனை எழுதுமுன் ஒரு ‘சேவ்பாயின்ட்’ வைத்தால், தவறு தெரிந்ததும் அந்த இடம்வரை பின்வாங்கலாம். முதல் இரண்டும் அப்படியே நிற்கும், நான்காவதைத் தொடரலாம். ஒரு நிபந்தனை உண்டு: நான்கையும் எழுதி முடித்தபின் நடுவிலிருந்து மூன்றாவதை மட்டும் இப்படி உருவ முடியாது. பின்னால் எழுதியவை அதை நம்பி எழுதப்பட்டிருக்கலாம் என்பதால், சேவ்பாயின்டுக்குப் பிந்தைய எல்லாமே சேர்ந்து போகும்.

பின்வாங்குவதற்கு, மாற்றத்துக்கு முந்தைய பழைய நகலை எடுத்து மேலே ஒட்டிவிட்டால் போதாதா? போதாது. வட்டில் ஒரே பக்கத்தில் பலருடைய பதிவுகள் இருக்கும்; நகலை ஒட்டினால் அந்த இடைவேளையில் அடுத்தவர் செய்த திருத்தமும் காணாமல் போகும். இதற்கு முறையான விடை தந்தது 1992இல் வெளியான ‘ஏரீஸ்’ ஆய்வுக் கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன் சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்து ஐபிஎம்மில் ஆய்வாளரானவர். அந்த முறைப்படி, ஒவ்வொரு மாற்றமும் முதலில் ‘லாக்’ என்ற மாற்றக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். பின்வாங்கும்போது பழைய வரியை அழிக்காமல், தவறான பற்றுக்குக் கணக்கர் எதிர்ப்பதிவு போடுவதுபோல, ஈடுசெய்யும் வரி ஒன்றை லாகில் சேர்க்க வேண்டும். ரத்து செய்யும்போது பாதியில் மின்சாரம் போனாலும், எதுவரை ரத்தாகிவிட்டது என்பதை லாகே சொல்லிவிடும். செய்த ரத்தையே மறுபடி ரத்து செய்யும் குழப்பம் வராது.

இதனால் எழுத்துவேலை கூடுகிறது என்ற குறை உண்மைதான். ஆனால் ஒரு எண் பிழைக்காக மொத்த விண்ணப்பத்தையும் மறுபடி நிரப்பச் சொல்வதைவிட அந்தச் செலவு குறைவு. தரவுத்தளத்தால் திரும்பப் பெற முடியாததும் ஒன்று உண்டு: வெளியே போய்விட்ட எஸ்எம்எஸ். மென்பொருள் எழுதுவோர் பிழை வரக்கூடிய இடத்துக்கு முன் சேவ்பாயின்ட் வைக்கட்டும். ‘அனுமதி கிடைத்தது’ என்ற செய்தியைக் கமிட் ஆனபிறகே அனுப்பட்டும்.