உதட்டுப் பிளவு: ‘யார் பக்கத்துல இருந்து வந்தது?’ மரபணு சொல்லும் பதில் என்ன?

பெங்களூருவில் 20-வது வார ஸ்கேனில் ‘உதட்டுப் பிளவு’ என்று ரிப்போர்ட் வந்தால், ஊரிலிருந்து வரும் போனில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் இருக்கும். “கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?” “உங்க பக்கத்துல யாருக்காவது இருக்கா?”

முதல் கேள்வியை அப்படியே விட்டுவிடலாம். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது நியாயமான கேள்விதான், ஆனால் அதை மருமகளிடம் மட்டும் கேட்பதுதான் தப்பு.

கருவில் முகம் தனித்தனிப் பகுதிகளாக வளர்ந்து, பிறகு ஒட்டுகிறது. உதடு 4 முதல் 7 வாரங்களிலும், அண்ணம் 6 முதல் 9 வாரங்களிலும் உருவாகும். பலருக்குக் கர்ப்பம் என்றே அப்போது உறுதியாகியிருக்காது. இந்த ஒட்டுதல் முழுமையாக நடக்காவிட்டால் பிளவு. உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி ஆகிறது.

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் ஒற்றை ஜீன் இல்லை. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வரும் பல ஜீன்களின் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்கின்றன. அதோடு புகைப்பழக்கம், கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, வால்ப்ரோயேட், டோபிராமேட் போன்ற வலிப்பு மாத்திரைகளும் ஆபத்தைக் கூட்டலாம். (மாத்திரையை நீங்களாக நிறுத்திடாதீங்க, அது இன்னும் ஆபத்து.)

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு: வான் டெர் வூட் சிண்ட்ரோம். இதற்குப் பெரும்பாலும் காரணமான ஐ.ஆர்.எஃப்.6 என்ற ஜீன் 2002-ல் கண்டறியப்பட்டது. இதன் அடையாளம் கீழுதட்டில் இரண்டு சிறு குழிகள். ஒருவருக்குப் பிளவே இல்லாமல் குழி மட்டும் இருக்கலாம். ‘பிறவியிலேயே அப்படித்தான்’ என்று யாரும் அதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவரிடமிருந்து இந்த ஜீன் மாற்றம் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 50%. அதனால்தான் விவரம் தெரிந்த டாக்டர்கள் குழந்தையின் வாயோடு பெற்றோரின் கீழுதட்டையும் பார்ப்பார்கள்.

இப்படி சிண்ட்ரோம் எதுவும் இல்லாமல் ஒரு குழந்தைக்குப் பிளவு இருந்தால், அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 5%. அதாவது, 100-ல் 95 பேருக்காவது வராது. பெற்றோரில் ஒருவருக்கே பிளவு இருந்தாலும் ஏறக்குறைய இதே கணக்குதான். இரண்டு குழந்தைகளுக்கு வந்திருந்தால் எண்ணிக்கை கூடும்.

நம்ம பக்கம் பேசத் தயங்குகிற இன்னொரு விஷயம், மாமன் மகள், அக்கா மகள் கல்யாணம். ஒரே ஜீன் மாற்றம் இரண்டு பக்கமிருந்தும் வர இங்கே வாய்ப்பு அதிகம். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குப் பிளவு ஆபத்து கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழ்நாடு, கர்நாடகா இரண்டிலும் இத்தகைய திருமணங்கள் இன்றும் கணிசமாக நடக்கின்றன.

சிகிச்சையைப் பொறுத்தவரை பணம் தடையில்லை. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிளவும் அடக்கம். ஸ்மைல் ட்ரெயின் உதவியோடு இலவச ஆபரேஷனும் நடக்கிறது. உதட்டுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதத்தில், அண்ணத்துக்கு ஒன்றரை வயதுக்குள்.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் ஜெனடிக் கவுன்சலிங் போகலாம். எலக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையம் இருக்கிறது. போவதற்கு முன் இரண்டு பக்கத்துத் தாத்தா, பாட்டி வரை யாருக்கு என்ன இருந்தது என்று எழுதி வையுங்கள், கீழுதட்டுக் குழி உட்பட.