கோல் காத்தவர் ஆசானார்

கால்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். அவர்களுள் பத்துப் பேர் செய்யும் பிழை விரைவில் மறந்து போகும். முன்வரிசை வீராங்கனை பந்தை வெளியே அடித்துவிட்டால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கோல் காப்பவர் தவறினால், அது உடனே எதிரணியின் கணக்கில் ஏறிவிடும். 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள வாயிலை அவர் ஒருவரே காக்க வேண்டும். புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் போலந்து நாட்டில் தம் பள்ளிப் பருவத்தில் கோல் காத்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இந்தப் பணியில் உலகப் புகழ் பெற்று, பின்னர் அதையே பிறருக்குக் கற்பித்தவர் ஜெர்மனியின் செப் மாயர். இவர் 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பவேரியா மாநிலத்தின் மெட்டன் என்னும் ஊரில் பிறந்தார். பழமையான பெனடிக்ட் சபைத் துறவு மடத்தால் பெயர் பெற்ற ஊர் அது. இவருடைய இயற்பெயர் யோசேப். நம் வழக்கில் சூசை. அந்தப் பெயரைத்தான் பவேரியா மக்கள் 'செப்' என்று செல்லமாக அழைப்பர்.

மியூனிக் நகரின் பேயர்ன் கழகத்துக்காக 1966 முதல் 1979 வரை தேசிய லீகில் தொடர்ந்து 442 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் இவர் ஆடினார். 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை அக்கழகம் வென்றது.

1974 ஜூலை 7 அன்று மியூனிக்கில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஜெர்மானியர் எவரும் பந்தைத் தொடுமுன்னரே நெதர்லாந்துக்குப் பெனால்டி கிடைத்தது, கோலும் விழுந்தது. அன்று பந்தை முதலில் தொட்ட ஜெர்மானியர் மாயர்தாம். அதுவும் வலைக்குள்ளிருந்து எடுப்பதற்காக! அவர் மனம் உடைந்து போகவில்லை. அதன் பிறகு நெதர்லாந்தை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. 2-1 என்று மேற்கு ஜெர்மனி வென்றது.

கோல் காப்பதற்குப் பாய்ச்சல் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். விளக்கின் அருகே கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் பெரிதாகிறதல்லவா? அதுபோலவே, பந்தை நோக்கிக் காப்பவர் முன்னேறி வந்தால், அவர் உடல் கோலின் பெரும் பகுதியை மறைத்துவிடும். அளவுக்கு மீறி வந்தாலோ, பந்து தலைக்கு மேலே பறந்து போகும். எப்போது வருவது, எப்போது நிற்பது என்பதை ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பல்லாண்டுப் பழக்கம் தேவை.

1979 ஜூலையில் நேர்ந்த கார் விபத்தில் மாயர் படுகாயமுற்றார். உயிர் பிழைத்தார், ஆனால் ஆட்ட வாழ்வு அத்துடன் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 35. கற்ற கலையோ கையிலேயே இருந்தது. கோல் காப்பவருக்கென்று தனிப் பயிற்சியாளர் இருப்பது அக்காலத்தில் அரிது. 1980-களின் இறுதியில் மாயர் தேசிய அணிக்கு அத்தகைய பயிற்சியாளரானார். 1994 முதல் பேயர்ன் கழகத்திலும் அப்பணியை ஏற்றார். வலப்புறம், இடப்புறம், தரையோடு, தலைக்கு மேல் என்று பந்துகளை ஓயாமல் அடித்துக் கொடுப்பது, விழுந்தவரை உடனே எழச் செய்து அடுத்த பந்தைப் பிடிக்க வைப்பது, விட்ட கோலை மறக்கக் கற்பிப்பது ஆகியவையே இவ்வேலை.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ஆலிவர் கான். 2002 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆறு ஆட்டங்களில் அவர் விட்டது ஒரே ஒரு கோல். இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகப் பந்து அவர் கை நழுவியது, தோல்வி நேர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் அவர் கோல் கம்பத்தில் சாய்ந்து தனியே அமர்ந்திருந்தார். ஆயினும் அந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது அவருக்கே கிடைத்தது. கோல் காப்பவர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

2004-இல் தம் மாணவர் கானுக்கு ஆதரவாக மாயர் வெளிப்படையாகப் பேசியதால் தேசிய அணிப் பொறுப்பை இழந்தார். அந்த இடத்துக்கு வந்தவர் ஆந்திரேயாஸ் கோப்கே. அவரும் ஒரு காலத்தில் மாயரின் கீழ்ப் பயின்று கோல் காத்தவரே! 2014-இல் ஜெர்மனி மீண்டும் உலகக் கோப்பையை வென்றபோது, கோல் காப்போரின் பயிற்சியாளராக இருந்தவர் இந்தக் கோப்கே.

தோழியரே, தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெற்றதை மண்ணில் புதைத்தவன் அதையும் இழந்தான். தம் கைகளால் இனிப் பந்தைப் பிடிக்க முடியாத நாளில், மாயர் தம் தாலந்தைப் புதைக்கவில்லை. பிறர் கைகளுக்கு மாற்றிக் கொடுத்தார். வெற்றி மேடையில் ஏறுபவர் சிலர். அவர்களை அங்கே ஏற்றிவிட்டுக் கீழே நின்று மகிழ்பவர்களே ஆசிரியர்கள். நாம் பரிசு பெறும் நாளில் அவர்களையும் நினைப்போம்; நாம் கற்றதை நமக்குப் பின் வரும் தங்கையருக்குக் கற்பிப்போம்.